பிறகு கீறலாம்

நான் தரம் 5இல் படித்தபோது, எனது பஸ்டல் பெட்டியை உம்மா அலுமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தார்கள். "ஸ்கொலர்ஷிப் முடியட்டும் மகள், பிறகு கீறலாம்" என்றார்கள். அதில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. பரீட்சை முடிந்தது. ஆனால் பெட்டி கீழே இறங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தரம் 6 முதல் 9 வரை சித்திரம் எனக்கு ஒரு பாடமாக இருந்தது. தவணைப் பரீட்சையில் தலைப்புத் தந்தார்கள், வரைந்தேன், புள்ளி போட்டார்கள். சாதாரண தரத்துக்குத் தமிழ் இலக்கிய நயத்தைத் தெரிவுசெய்தபோது அதுவும் நின்றது. அந்தத் தெரிவுக்காக நான் வருந்தவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால், புள்ளிக்காக அன்றி எனக்காக ஒரு கோடும் போடாமல் ஏழு வருடங்கள் கடந்திருந்தன.

உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு நாள் செவ்வரத்தம் பூவை வெட்டி வரையச் சொன்னார்கள். எங்கள் வேலியில் தினமும் பூக்கும் பூ. அதற்கு ஐந்து அல்லிகள் என்பது சிறு வயதிலேயே தெரியும். ஆனால் ஒவ்வோர் அல்லியும் ஒரு பக்கத்து அல்லியின் மேலும் மறுபக்கத்து அல்லியின் கீழுமாகச் சுற்றிக் கிடப்பதை வரைந்தபோதுதான் கண்டேன். கேசரங்கள் ஒட்டி ஒரு குழாயாகித் தம்பத்தைச் சூழ்ந்திருப்பதையும், நுனியில் குறி ஐந்தாகப் பிரிந்திருப்பதையும் அன்றுதான் உண்மையில் பார்த்தேன். தினமும் கடந்து போன ஒன்றை நான் பார்க்கவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றிரவு மேசையில் இருந்த பிளேன்டீக் கோப்பையைப் பழைய கொப்பி ஒன்றில் வரைந்தேன். வாய் நெளிந்தது. கைபிடி எங்கோ தொங்கியது. கொப்பியை உடனே மூடிவிட்டேன். பத்து வயதில் இதைவிட மோசமாக வரைந்தும் நான் வெட்கப்பட்டதில்லையே! யோசித்தபோது காரணம் புரிந்தது. என் கண் பதினேழு வயதுக்கு வளர்ந்துவிட்டது. கை பத்து வயதிலேயே நின்றுவிட்டது. பிழையைக் கண்ணால் காண முடிகிறது, கையால் திருத்த முடியவில்லை.

விட்ட இடத்துக்குத் திரும்பும் பலர் இந்த இடத்தில்தான் "எனக்கு வராது" என்று எழுந்து போகிறார்கள் என்று நினைக்கிறேன். அது திறமைக் குறைவல்ல, பயிற்சி நின்றுபோனதன் விளைவு. மறுநாளும் அதே கோப்பையை வரைந்தேன். கோப்பையின் வாய் வட்டம் என்று மனம் சொல்கிறது. ஆனால் சரிவாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். மனம் சொன்னதை விட்டுக் கண் கண்டதை வரைந்ததும் கோப்பை மேசையில் அமர்ந்தது. நான்காம் நாள் இடியப்பத் தட்டின் பின்னலை வரைந்தேன்.

"மார்க்கம் இருக்கிறதே, சித்திரம் வரையலாமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். உயிரினங்களின் உருவங்களைத் தவிர்த்துக்கொள்ள விரும்புவோருக்கும் வரைய எவ்வளவோ இருக்கிறது. மரம், பூ, பாத்திரம், பள்ளிவாசல் மினாரா, அரபு அழகெழுத்து. கணிதப் பெட்டியில் கவராயம் இருக்கிறது. வட்டம் ஒன்றை வரைந்து, கவராயத்தின் விரிவை மாற்றாமல் பரிதியைச் சுற்றி வெட்டிப் பாருங்கள். சரியாக ஆறு புள்ளிகள் விழும். ஒன்றுவிட்டு ஒன்றாக அவற்றை இணைத்தால் ஆறுமுனை நட்சத்திரம். ஸ்பெயினின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களில் நாம் வியக்கும் கேத்திரகணித அலங்காரங்களும் வட்டத்திலும் நேர்கோட்டிலும் பிறந்தவைதான். நமது பெண்கள் பன்பாயில் இழைத்ததும், பெருநாள் இரவில் கையில் மருதோன்றியால் போடுவதும் சித்திரம்தானே? அவற்றை யாரும் நேரவிரயம் என்று சொல்வதில்லை.

நேரம் என்பது உண்மையான பிரச்சினைதான். ஒரு நாள் உம்மா என் கொப்பியைக் கண்டுவிட்டார்கள். "சோதினைக்கு இன்னும் எத்தனை மாசம் மகள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இசட் புள்ளியில் ஒரு சிறு வித்தியாசம் பல்கலைக்கழக வாய்ப்பையே மாற்றிவிடும். இஷாவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் மட்டுமே வரைவதாகவும், முன்பு அந்த நேரத்தைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டதாகவும் சொன்னேன். உம்மா பதில் சொல்லாமல் போய், தனது பழைய மனையியல் கொப்பியோடு வந்தார்கள். தலையணை உறைக்குப் போடும் பூ வேலைப்பாடுகள், கொடிகள், இலைகள். ஒவ்வொரு கோடும் என்னுடையதைவிட நேர்த்தி. "ஏன் உம்மா விட்டீங்க?" என்று கேட்டேன். "வேலை எல்லாம் முடியட்டும், பிறகு கீறலாம் என்று வைத்தது" என்றார்கள்.

எனக்குச் சொன்ன அதே வார்த்தை! புலமைப்பரிசிலுக்குப் பிறகு சாதாரண தரம், அதற்குப் பிறகு உயர்தரம், பட்டம், தொழில், திருமணம், பிள்ளைகள். "பிறகு" என்ற நாள் தானாக வருவதில்லை. அதை நாம்தான் இன்றைய நாளுக்குள் பதினைந்து நிமிடமாகக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சைக் காலத்தில் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், பெட்டியை மட்டும் மேலே வைத்துவிடாதீர்கள். வரைந்ததைக் கண்டதும் போட்டிக்கு அனுப்பவும் அவசரப்படாதீர்கள். பரிசோ புள்ளியோ இல்லாமல் எங்களுக்கும் ஒன்று இருக்கட்டும். தோழிகளே, முதல் கோப்பை கோணலாகத்தான் வரும். கொப்பியை யாருக்கும் காட்ட வேண்டாம். மறுநாளும் வரையுங்கள்.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன். பஸ்டல்கள் பாதி உடைந்திருக்கின்றன. நிறம் இன்னும் வருகிறது. மனையியல் கொப்பியில் எஞ்சிய வெற்றுப் பக்கங்களை உம்மாவிடம் காட்டினேன். "இன்ஷா அல்லாஹ், பிறகு" என்றார்கள். இந்த முறை நான் விடுவதாக இல்லை.