கல்வராயன் மலைக்கு ஒரு கிலோமீட்டர் ரோடு: பணம் வந்தாலும் வேலை ஏன் நிற்கிறது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் கல்வராயன் மலை தலைப்புச் செய்தியானது. மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என எல்லாமே விசாரணைக்கு வந்தன.

இந்த மாதிரி நேரங்களில் இரண்டு குரல்கள் கேட்கும். "நிதி ஒதுக்கியாச்சு" என்பார் அதிகாரி. "ரோடு எங்கேங்க?" என்பார் ஊர்க்காரர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

யார் முடிவெடுப்பது?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது கள்ளக்குறிச்சி. கல்வராயன் மலை ஊராட்சி ஒன்றியத்தில் 15 ஊராட்சிகள், தலைமையிடம் வெள்ளிமலை. இங்கே பெரும்பான்மையினர் 'மலையாளி' பழங்குடியினர். (பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்க வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்.) 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. சமவெளி மாதிரி ஒரே இடத்தில் ஊர் இருக்காது. ஓர் ஊராட்சி என்றால், மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள்.

காகிதத்தில் நடைமுறை எளிது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள் கேட்பது தீர்மானமாகி, ஊராட்சியின் வருடாந்திர வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டும். பிறகு ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், நிர்வாக ஒப்புதல் வரும், டெண்டர் விடுவார்கள்.

பணம் எங்கிருந்து?

வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருமானம். மலை ஊராட்சிகளில் இதை வைத்துத் தெருவிளக்கைப் பராமரிப்பதே பெரிய விஷயம். அடுத்தது மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை நகர, ஊரக உள்ளாட்சிகள் எல்லாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆபீசில் தரும் சாப்பாட்டுக் கூப்பனை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா? அதே கதைதான். 2021–26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு வகுத்த விதிப்படி, கிராம மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே. மீதி 40 சதவீதத்தைத்தான் ஊராட்சி தன் தேவைக்குச் செலவழிக்கலாம், அதிலும் சம்பளம் போடக் கூடாது. அந்த 40-ஐ எல்லாக் குக்கிராமங்களுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு சிறுபாலம், ஒரு சிமெண்ட் தெரு. மலை ரோடு போட அது பத்தாது.

எனவே பெரிய வேலைகளுக்கு மேலே இருந்துதான் பணம் வரணும். முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பழங்குடி குடியிருப்புகளுக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த 'தொல்குடி' இருக்கிறது. 2024 அக்டோபர் 2-ல் தொடங்கிய மத்திய அரசின் 'தர்தி ஆபா' திட்டமும் உண்டு. ஆனால் பிரதமரின் 'ஜன்மன்' திட்டம் தோடர், கோத்தர், இருளர் உள்ளிட்ட ஆறு பிரிவினருக்குத்தான். மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தத் திட்டங்களில் எல்லாம் ஊராட்சி கோரிக்கை வைக்கலாம். எந்த ரோட்டை எடுப்பது என்று முடிவாவது மேலே.

சிக்கும் இடம் காடு

சரி, பணமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரோடு போகும் வழி வனத்துறை நிலம் என்றால்? பல கோப்புகள் படுத்துவிடும் இடம் இதுதான். ஆனால் மக்கள் கையில் ஒரு சாவி இருப்பதும் இங்கேதான்.

2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு ரோடு, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி போன்ற 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தர வழி செய்கிறது. நிபந்தனைகள்: ஒவ்வொரு வேலைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கடைசி நிபந்தனை சடங்கு அல்ல, அது இல்லாமல் இந்த வழியில் ஃபைல் நகராது.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 6 மீட்டர் அகலத்தில் ரோடு போட்டால் சுமார் 1.6 கிலோமீட்டர் வரை இதில் அடங்கும். அதைத் தாண்டினால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம்: மத்திய அரசின் அனுமதி, ஈடாக மரம் வளர்ப்பு, வருடக்கணக்கில் காத்திருப்பு. குக்கிராமத்தை மெயின் ரோட்டோடு இணைக்கும் சின்ன ரோட்டுக்கு 3(2) எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரியும்.

பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 'பெசா' சட்டம் இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓரிடம்கூட அறிவிக்கப்படவில்லை. இதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு என்பது என் ஆதங்கம்.

தேர்தலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கள்ளக்குறிச்சியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஐந்தாண்டுக் கணக்கு 2026 அக்டோபரில் முடிகிறது. 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 15-வது நிதிக்குழு மானியம் பெற, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருப்பது ஒரு நிபந்தனை. தேர்தல் தள்ளிப்போனால் பணத்துக்கும் சிக்கல்தான்.

உங்கள் ஊராட்சித் திட்டத்தை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில், போனிலேயே பார்க்கலாம். கேட்ட ரோடு அதில் இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். "ரோடு வசதி வேண்டும்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்தக் குக்கிராமத்திலிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், எவ்வளவு தூரம் வனத்துறை நிலம், 3(2) பிரிவின்படி பரிந்துரைக்கிறோமா என்பதெல்லாம் தீர்மானத்தில் வர வேண்டும். நகலையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.