திறக்கத் தாமதிக்கும் இணையக் கடை

கடையின் கதவு துருப்பிடித்தால் முதலாளியின் கண்ணுக்குத் தெரியும். பூட்டு இறுகினால் அவர் கைக்குத் தெரியும். கடையின் இணையத்தளம் மந்தமடைந்தால் மட்டும் அது அவருக்கே கடைசியாகத் தெரியவருகிறது. காரணம் எளியது. அவர் நாள்தோறும் அதே கணினியில் அதே பக்கத்தைத் திறப்பவர். அப்பக்கத்தின் படங்களும் எழுத்துருக்களும் முன்னரே அக்கணினியிற் சேமிக்கப்பட்டிருக்கும். முதன்முறையாக வரும் வாடிக்கையாளருக்கு அவ்வசதி இல்லை. அவர் சில வினாடி பொறுத்துப் பார்ப்பார்; பின்னர் போய்விடுவார். முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டார்.

ஒடியல் மா, பனங்கட்டி, பனையோலைப் பெட்டி முதலியன விற்கும் யாழ்ப்பாணத்துச் சிறு நிலையம் ஒன்றின் தளத்தை அண்மையிற் பார்க்க நேர்ந்தது. அதனை நடத்துபவர் எம்மிடம் கல்வி கற்றவர். பெட்டி இழைக்கும் பெண்கள் சிலரின் வருமானம் அத்தளத்துக்கு வரும் கட்டளைகளையே நம்பியிருக்கிறது. கட்டளைகள் குறைந்துவந்தன, தளம் திறக்கத் தாமதமாகிறதென்று ரொறன்ரோவிலுள்ள உறவினரும் சொன்னார்கள். தளத்தின் கோப்புகளைத் தாங்கி அனுப்பும் கணினியை வழங்கி என்பர். அதனை வாடகைக்குத் தரும் நிறுவனத்திடம் பெரிய திட்டமொன்றுக்கு ஓராண்டுப் பணம் கட்ட அவர் ஆயத்தமாகிவிட்டார். 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் டொலரிற் கட்டும் கட்டணம் சிறு வியாபாரிக்கு எத்தகைய சுமை என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. "பணத்தைக் கட்டுமுன் அளந்து பாரும்" என்றோம்.

அளப்பதற்கு முதலிற் பணம் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி, உலாவியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தளத்துக்குச் செல்லலாம். வாடிக்கையாளர் காணும் காட்சி ஏறக்குறைய அதுவே. அடுத்து, கூகிள் இலவசமாகத் தரும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் சோதனை. பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துப்பகுதியோ 2.5 வினாடிக்குள் தோன்றினால் நன்று என்பது கூகிளின் அளவுகோல். அச்சோதனை நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியும் இடும். புள்ளியின் மீது மோகங்கொள்ளும் நோய் மாணவரோடு நில்லாமல் வியாபாரிகளையும் பிடித்துவிடுகிறது. நூறு எடுக்கவேண்டியதில்லை, வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் குறைந்தாற் போதும்.

கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்தினால், நெட்வேர்க் என்னும் பகுதியிலே பக்கத்துடன் வரும் ஒவ்வொரு கோப்பின் நிறையும் நேரமும் நிரலாகத் தோன்றும். அங்கே இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும். வழங்கி முதற் பதில் அனுப்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது? அதன்பின் வரும் சுமை எவ்வளவு? முதற் பதில் 0.8 வினாடிக்குள் வந்துவிடுமாயின் வழங்கியைக் குறைகூற இடமில்லை. நம்மவரின் தளத்தில் அது ஒரு வினாடியைச் சற்றே கடந்தது. சுமையோ 20 மெகாபைற்றுக்கு மேல்!

அச்சுமை எங்கிருந்து வந்தது? முகப்பிலே ஐந்து பெரிய படங்கள், திருவிழாச் சப்பறம்போல ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. (இந்த ஊர்வலத்தை நின்று பார்க்கும் வாடிக்கையாளர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.) ஒவ்வொன்றும் கைத்தொலைபேசியில் எடுத்தபடியே ஏற்றப்பட்ட, 4,000 புள்ளி அகலமும் ஏறக்குறைய 4 மெகாபைற் நிறையுமுடைய புகைப்படம். கணக்கைப் பாருங்கள். ஐந்து படங்கள் 20 மெகாபைற். அதாவது 160 மெகாபிற். வினாடிக்கு 5 மெகாபிற் வரும் இணைப்பில் இவை மட்டும் வந்துசேர 32 வினாடி செல்லும். பயனரின் கவனம் சிதறாமல் நிற்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 10 வினாடியே என்று யாக்கோப் நீல்சன் 1993 இலேயே எழுதிவிட்டார். அன்றியும், பணம் கொடுத்து டேற்றா வாங்கியவர் ஓர் ஒடியல் மாப் பொதியின் விலையை அறிய 20 மெகாபைற் இழக்கவேண்டுமா?

எழுத்து இத்தகைய சுமையன்று. கணினியில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைற் இடம் பிடிக்கும். உயிர்மெய் பலவற்றுக்கு இரு குறிகள் வேண்டும். அவ்வாறிருந்தும் ஆயிரஞ் சொற்களைக் கொண்ட கட்டுரை ஏறக்குறைய 25 கிலோபைற்றுள் அடங்கிவிடும். மேற்சொன்ன ஒரேயொரு புகைப்படம் அத்தகைய நூற்றறுபது கட்டுரைகளுக்குச் சமன்.

படத்தின் அகலத்தை 1,200 புள்ளியளவுக்குக் குறைத்து, 2010 இல் கூகிள் வெளியிட்ட வெப்பீ என்னும் வடிவத்துக்கு மாற்றினால், பெரும்பாலான படங்கள் ஓரிரு நூறு கிலோபைற்றுள் வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஸ்குவூஷ் என்னும் இலவசக் கருவி உலாவியிலேயே இதனைச் செய்துதரும். கீழேயுள்ள படங்களை, வாடிக்கையாளர் அவ்விடத்தை நெருங்கும்போது மட்டும் வரவழைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆயின் அதனை முகப்பின் முதற்படத்துக்குச் செய்தல் கூடாது. முதலில் வரவேண்டியதே பிந்திவிடும். படத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே பக்கத்திற் குறித்துவிடவும் வேண்டும். இல்லையேல் படம் வந்திறங்கும்போது எழுத்துகள் கீழே தள்ளப்பட்டு, பனங்கட்டியைத் தொடப்போன விரல் பனாட்டைத் தொடும்.

அடுத்தது, பிளகின் எனப்படும் இணைப்பு நிரல்கள். நம்மவரின் தளம் வேர்ட்பிரஸ்ஸில் அமைந்தது. இத்தகைய தளங்களில் முன்னர் ஒருவர் சோதிக்கப் போட்டவை, பெயரே மறந்தவை எனப் பல கிடக்கும். தளத்தின் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்து பார்ப்பதே வழி. எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்தினால் குற்றவாளி யாரென்று தெரியாது. பக்கத்தில் பதித்த யூடியூப் காணொளியும், எவரும் அதனைத் தொடுமுன்னரே பல நூறு கிலோபைற் நிரலை இழுத்துவரும். படமொன்றை வைத்து இணைப்பைக் கொடுத்தாற் போதும். வழங்கியில் ஓடும் பீஎச்பி பழையதாயின் புதுப்பிக்கச் சொல்லவேண்டும். 7.4 ஆம் பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

முதற் பதில் பிந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருபவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தைத் தரவுத்தளத்திலிருந்து புதிதாகக் கட்டியெழுப்புவது, இடியப்பக் கடையில் ஆள் வந்தபின் மா அரிப்பதற்கு ஒப்பாகும். கட்டிய பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கும் அதனையே கொடுக்கும் வசதியை இயக்கினால், சிறிய வழங்கியும் விரைந்து பதில் தரும். கூடைப் பக்கத்தையும் பணம் செலுத்தும் பக்கத்தையும் மட்டும் இதிலிருந்து விலக்கவேண்டும். ஒருவரின் கூடை இன்னொருவருக்குத் தெரியலாகாது.

வழங்கி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தது. அதனைச் சிங்கப்பூருக்கு மாற்றலாமா என்று கேட்டார். ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்லும். இலங்கையிலிருந்து அக்கரைக்கு ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். ஒருமுறை போய்வர 0.14 வினாடிக்குக் குறையாது. இணைப்பை ஏற்படுத்த ஒருமுறை, பாதுகாப்பு உடன்பாட்டுக்கு ஒருமுறை, பக்கத்தைக் கேட்க ஒருமுறை என மும்முறை போய்வந்தால் 0.42 வினாடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளி இதனிலும் விரைந்து ஓடாது. சிங்கப்பூர் நமக்கு மிக அண்மையில் உள்ளது, உண்மை. ஆனால் பெட்டி வாங்குவோரில் பெரும்பாலார் ரொறன்ரோவில் அல்லவா இருக்கிறார்கள்? வழங்கி அவர்களுக்கு அருகிலேயே இருக்கிறது. எனவே அதனை அசைக்க வேண்டாமென்றோம்.

பெரிய திட்டம் வாங்கப்படவில்லை. முகப்பின் சுமை ஒரு மெகாபைற்றுக்குக் கீழே இறங்கியது. எமது பழைய கைத்தொலைபேசியிலும் பக்கம் மூன்று வினாடியளவில் திறக்கிறது. கட்டளைகள் கூடினவா என்பதை இப்போதே சொல்லமுடியாது. சில மாதக் கணக்கைப் பார்க்கவேண்டும். பணம் செலுத்தும் பக்கம் வங்கியின் வழங்கியிலிருந்து வருவதால் அதன் வேகம் அவர் கையில் இல்லை. அதற்கு முன்னே வரும் கட்டளைப் படிவம் அவருடையதே. அதிலே பதினொரு கட்டங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று தொலைநகல் இலக்கம் கேட்டது. அதனை நிரப்பாவிடிற் படிவம் அடுத்த பக்கத்துக்குச் செல்ல மறுத்தது. இப்போது ஐந்து கட்டங்கள் இருக்கின்றன.