கம்பெனி மூடினா என்னென்ன மூடும்? கோலார் தங்கவயல் சொல்ற கணக்கு



திருச்சி-புதுக்கோட்டை ரோட்டுல நார்த்தாமலை வரும். இப்போ மலையும் குடைவரையும் விஜயாலய சோழீஸ்வரமும் பார்க்கப் போற அமைதியான ஊர். சோழர் காலத்துல அது வணிகர்களோட 'நகரம்' சபை இருந்த வியாபார ஊர். தெலுங்ககுலகாலபுரம்னு கல்வெட்டுப் பேரே உண்டு. கோயில் நிக்குது, வியாபாரம் போயிடுச்சு.

இது ரொம்பப் பழைய கதைன்னு தோணுதா? கோலார் தங்கவயலுக்கு வாங்க. 1880-கள்ல ஜான் டெய்லர் கம்பெனி அங்க சுரங்கம் தோண்ட, வட ஆற்காடு பக்கத்துல இருந்து தமிழ்க் குடும்பங்கள் வேலைக்குப் போனாங்க. 1902-லயே சிவசமுத்திரத்துல இருந்து கரண்ட் வந்துச்சு. சம்பளம், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாமே சுரங்கத்தோடதுதான். ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்ட, செலவு ஏறுச்சு. பாறையில தங்கம் குறைஞ்சுது. 2001 பிப்ரவரி 28 அன்னைக்கு அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் கதவை மூடிடுச்சு.

இங்கதான் கவனிக்கணும். அந்த வருஷம் தங்கம் 10 கிராம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அதுக்கப்புறம் எத்தனை மடங்கு ஏறுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா அதை வெட்டி எடுத்த ஊர்ல இருந்து ஜனங்க விடியக்காலை ரயில் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்க. துறைக்கு நல்ல காலம் வந்தா, உங்க சம்பளத்துக்கும் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

'நம்ம கம்பெனி பெருசு, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றவங்க, மியூச்சுவல் ஃபண்டை மட்டும் நாலாப் பிரிச்சு வைக்கிறாங்க. என்னைக் கேட்டா, முதல்ல பிரிக்க வேண்டியது கம்பெனியை நம்பி இருக்கிற விஷயங்களைத்தான்.

சம்பளம் அங்க. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் அங்க. வேலை போனா குரூப் பாலிசியும் போயிடும். சேமிப்பும் அதே கம்பெனி ஷேர்ல. அந்தச் சம்பளத்தை நம்பி 20 வருஷ ஹோம் லோன் வேற. இது நாலு முட்டை, ஒரே கூடை.

கம்பெனியைச் சந்தேகப்படச் சொல்லல. உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. ஆறு மாசச் செலவை, இஎம்ஐ-யும் சேர்த்து, தனியா வைங்க. கம்பெனி ஷேரை விக்க முடியுற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா வேற இடத்துக்கு மாத்துங்க.

இன்னைக்கே ஒரு பேப்பர் எடுத்து, அடுத்த மாசம் சம்பளம் வரலைன்னா என்னென்ன நின்னு போகும்னு எழுதுங்க. அதுல ஒண்ணையாவது இந்த மாசமே சரி பண்ணுங்க.