காசிமேட்டில் போட் என்றால் படகு

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் காசிமேட்டில் போட் என்றால் விசைப்படகு. "போட் வந்துச்சா?" என்றுதான் விடியற்காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். இணையத்தில் இன்னொரு போட் இருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியங்களில் ஒருவர் எழுதியதைப் படித்து, சரியா நாசவேலையா என்று முடிவுசெய்து, பிடிக்காவிட்டால் நொடியில் அழித்துவிடும் நிரல். தமிழில் தானியங்கி என்கிறார்கள். அந்தப் போட்டோடுதான் இன்று என் சண்டை.

மீன்பிடித் தடைக்காலம் உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. "சார், கடல்ல நாங்க சொல்ற பேரெல்லாம் எங்கியாச்சும் எழுதி வைக்கணும் சார், என் பையனுக்கே பாதி தெரில" என்றான். நான்தான் உற்சாகப்படுத்தினேன். தளத்தின் பெயர் வேண்டாம். அவனுடைய கைப்பேசியிலேயே, கணக்கு எதுவும் தொடங்காமல், அவனே தட்டச்சு செய்தான். நீரோட்டத்தைத் தெண்டி, வன்னி என்று திசை பார்த்துப் பிரிப்பது, கச்சான் காற்று, வாடைக் காற்று, எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்றெல்லாம் பத்துப் பன்னிரண்டு வரி. இரண்டு எழுத்துப் பிழையை மட்டும் நான் திருத்தினேன். சேமித்தோம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் போயிருந்தது. நாசவேலையாகக் கருதி மீளமைக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. எழுதியது யார் என்று பார்த்தால் தானியங்கி.

அவன் சிரித்தான். "அந்த மிஷினுக்கு நாம பேசுறது தமிழுன்னே தெர்ல போலக்குது சார்." அவ்வளவுதான். எழுந்து வலை பார்க்கப் போய்விட்டான். பிறகு நான் இரண்டு முறை கூப்பிட்டும் அந்தப் பக்கம் அவன் வரவில்லை.

சான்று இல்லை என்று நீக்கியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். 'சான்று தேவை' என்று ஓர் ஒட்டு ஒட்டியிருந்தால் தேடிப் பிடித்துக் கொடுத்திருப்போம். (மீனவர் வாயில் மட்டும் இருக்கும் அறிவுக்கு அச்சில் சான்று கேட்பது நியாயமா என்பது தனிச் சண்டை. 2011இலேயே அசல் பிரபாலா வாய்மொழிச் சான்றுகளுக்காக ஒரு படமே எடுத்தார். அதை இன்னொரு நாள் பேசுவோம்.) ஆனால் நாசவேலை என்பது வேறு சொல். அது எழுதியவனைத் திட்டுவது.

இதைச் சொன்னதும் கணினித் துறையில் இருக்கும் ஒரு தம்பி என்னோடு சண்டைக்கு வந்தார். "ஆங்கில விக்கிப்பீடியாவே போட்டால்தான் ஓடுது சார்." உண்மைதான், மறுக்கவில்லை. க்ளூபாட் என்.ஜி. என்ற தானியங்கி 2010 இறுதியிலிருந்து அங்கே காவல் காக்கிறது. கெட்ட வார்த்தை எழுதுகிறவன், பக்கத்தையே காலி செய்கிறவன், இவர்களை நொடிகளில் துரத்துகிறது. நம் சாதிப் பக்கங்களிலும் நடிகர் பக்கங்களிலும் என்னென்ன எழுதிவைக்கிறார்கள் என்று பார்த்தவன் நான். அந்தக் குப்பையை மனிதன்தான் அள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தம்பி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த க்ளூபாட், முன்பு மனிதர்கள் படித்து நல்லது, கெட்டது என்று குறித்துக் கொடுத்த ஏராளமான திருத்தங்களை வைத்துப் பழக்கப்பட்டது. நல்ல திருத்தங்களில் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தவறாக அழிக்கக் கூடாது என்று அளவு வைத்தார்கள். அந்த அளவில் வைத்தால் நாசவேலையில் நாற்பது சதவீதம் அளவுக்குத்தான் பிடிபடும் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். மீதி தப்பினாலும் பரவாயில்லை, நல்லவன் அடிபடக் கூடாது என்பது அவர்கள் எடுத்த முடிவு. தவறாக அழித்தால் முறையிட ஒரு பக்கம் உண்டு. அதே ஆள் அதே பக்கத்தில் மறுபடி எழுதினால் உடனே திரும்ப அழிக்காது, மனிதர்களுக்கு விட்டுவிடும். அந்தக் கவனமெல்லாம் நம்மிடம் இருக்கிறதா? தமிழில் அப்படிப் படித்துக் குறித்த திருத்தங்கள் எத்தனை இருக்கும்? அதில் வடசென்னைக் கடற்கரைச் சொல் எத்தனை இருக்கும்? பார்த்திராத சொல்லைக் குப்பை என்று எண்ணுகிற நிரலுக்கு, கணக்கில்லாமல் எழுதுகிறவனே சந்தேகத்துக்குரியவன் என்றும் சொல்லிவைத்தால், என் மாணவனுக்கு எங்கே கதி?

முப்பத்து நான்கு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் எத்தனையோ கோடைகளைக் கழித்திருக்கிறேன். ஒருமுறை பக்கத்து மேசை ஆசிரியர், உள்நாட்டு மாவட்டத்துக்காரர், ஒரு கட்டுரையில் 'கச்சான்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மதிப்பெண் குறைத்தார். டம்மி எண் போட்ட தாள், எந்த ஊர்ப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. எட்டிப் பார்த்த நான், "ஐயா, அது காற்றுங்க, பிழை இல்லை" என்றேன். (இலங்கை நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கச்சான் நிலக்கடலை என்பது எனக்குத் தெரியும்.) அவர் நம்பவில்லை. முதன்மைத் தேர்வாளரிடம் போனோம். அவர் விசாரித்தார், வட்டம் அடிக்கப்பட்டது, மதிப்பெண் திரும்பி வந்தது. மனிதரும் தப்பு செய்தார், ஆனால் பக்கத்து மேசையிலிருந்து அவரைக் கேட்க முடிந்தது.

தம்பியின் அடுத்த வாதம், "பார்க்க ஆள் இல்லை சார்" என்பது. இதற்குத்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஆள் ஏன் இல்லை? ஆரோன் ஹாஃபேக்கரும் மற்றவர்களும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2007க்குப் பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் பங்களிப்பாளர் எண்ணிக்கை ஏன் சரிந்தது என்பது கேள்வி. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்து வந்த வேகத்தில் நிராகரிக்கப்பட்டதும், தானியங்கிகளும் அரைத் தானியங்கிக் கருவிகளும் அதைச் செய்ததும் முக்கியமான காரணங்கள் என்று காட்டினார்கள். அதே ஹாஃபேக்கர் பிறகு ஓர்ஸ் என்ற அமைப்பை 2015இல் கொண்டுவந்தார். அது மதிப்பெண் மட்டும் போட்டது. கெடுதலா என்பதற்கு ஒரு மதிப்பெண், நல்லெண்ணமா என்பதற்குத் தனியாக இன்னொன்று. அழிப்பதா வேண்டாமா என்பது மனிதன் வேலை. ஆள் இல்லை என்று போட்டை வைத்து, போட் விரட்டியதால் ஆள் வராமல், அதனால் இன்னும் ஒரு போட். ஆங்கிலத்துக்கு எழுபது லட்சம் கட்டுரை, கூட்டம் அலைமோதுகிறது, தாங்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஒரு புதியவன் போனாலும் நமக்கு நட்டம்.

நான் இயந்திர விரோதி என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நீச்சல்காரன் தன் தானியங்கியால் ஊராட்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் உருவாக்கினார். நல்ல வேலை. அங்கே மனிதர் தரவைக் கொடுத்தார், தானியங்கி எழுதியது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ் விக்கிப்பீடியர்கள் பார்த்தவர்கள்தான். 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து ஆள் வைத்து, மொழிபெயர்ப்புக் கருவி வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொட்டியது. வாக்கியம் கோணல், தலைப்புகள் நமக்குத் தேவையில்லாதவை, பேச்சுப் பக்கத்தில் கேட்டால் மொழிபெயர்த்தவரிடமிருந்து பதில் இல்லை. வங்காளிகள் கதவைச் சாத்தினார்கள். நம்மவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், நிபந்தனை போட்டார்கள். ரவிசங்கர் 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியாவில் போய் அந்த அனுபவத்தைப் பிட்டுப்பிட்டு வைத்தார். உலகப் பெரும் நிறுவனத்திடமே நிபந்தனை போட்டவர்கள், ஒரு நிரலிடம் ஏன் போடக் கூடாது?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கெட்ட வார்த்தை, பக்கத்தைக் காலி செய்தல் போன்ற அப்பட்டமானவற்றைத் தானியங்கி அழிக்கட்டும். மற்றவற்றில் ஒரு கொடி மட்டும் நடட்டும், மனிதர் வந்து பார்க்கட்டும், ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. புதியவனுக்கு அது விடும் குறிப்பில் நாசவேலை என்ற சொல் வேண்டாம். யாரிடம் முறையிடலாம் என்று ஒரு மனிதரின் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். விக்கிமீடியா அறக்கட்டளையே இப்போது ஆட்டோமாடரேட்டர் என்று ஒன்றை வைத்திருக்கிறது. அது எவ்வளவு எச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பதை அந்தந்த மொழிக்காரர்களே வைத்துக்கொள்ளலாம். எல்லாத் தளத்திலும் அந்தத் திருகைத் திருப்பும் கை நம்முடையதாக இருக்க வேண்டும். வைக்கும் முன் ஆலமரத்தடியில் பேசுங்கள். (விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்றுதான் பெயர். வைத்தவர் வாழ்க.)

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை துறைமுகத்துக்குப் போகிறேன். அவன் போட் வருகிறது என்றார்கள். ஏலம் முடிந்து அவன் டீ குடிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியை மறுபடி கையில் கொடுத்துப் பார்க்கிறேன். இந்த முறை முதலில் ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லணும். நம் நட்பு வட்டத்தில் அந்தத் தளத்தில் நிர்வாகிகள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். சேமித்ததும் கூப்பிடுகிறேன்.