மழைக்கு முன் கடை சைக்கிளைக் கவனியுங்கள்

டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் வந்தது. அதற்குப் பிறகும் உசிலம்பட்டியில் சில்லறைச் சரக்கு சைக்கிள் கேரியரில் போவது அடியோடு நின்றுவிடவில்லை. ஐப்பசி பிறந்தால் கடை வாசலில் தார்ப்பாய் கட்டுகிறோம். சர்க்கரை மூட்டைக்கு அடியில் கட்டை போடுகிறோம். சைக்கிளை மட்டும் ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். இது நியாயமல்ல. சைக்கிள் கடையுடையது, அதன் பழுதுச் செலவும் கடைக் கணக்கில்தான் வரவேண்டும்.

முக்கியமானது பிரேக். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். பிடித்த இடத்தில் வண்டி நிற்காது. கட்டையும் தேய்ந்து, பின்னால் அரை மூட்டை அரிசியும் இருந்தால், மதுரை - தேனி சாலையில் பஸ் குறுக்கிடும்போது என்ன ஆகும் என்பதை வியாபாரிகளாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலி கடித்த ஒரு மூட்டையில் நாம் இழப்பதைவிட ஒரு ஜோடி கட்டையின் விலை குறைவுதான்.

செயினுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள் (கடையில் இருக்கிறதே என்று விடுகிறவர்கள் உண்டு!). அது பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். செயினைத் துடைத்து, மெஷின் ஆயில் சில சொட்டு விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிட வேண்டும். ரிம்மில் எண்ணெய் படக்கூடாது.

மழை மூட்டத்தில் மாலை சீக்கிரமே இருட்டிவிடும். மார்கழியில் விடியற்காலைப் பனி வேறு. பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருந்தும், மூட்டை தொங்கி அதை மறைத்தால் பயனில்லை.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஒருவரைச் சங்கமே வரவழைக்கலாம். கூலியை அந்தந்தக் கடைக்காரர் கொடுக்கட்டும்.