எத்தனை டெராபைட் அல்ல, எத்தனை பிரதி?

மாணவர்களே, ஹார்ட் டிஸ்க் எனும் வன்தட்டு வாங்கும்போது "எத்தனை டெராபைட்?" என்றுதான் கேட்கிறோம். "எத்தனை பிரதி, எங்கே?" என்பதே முதல் கேள்வியாக வேண்டும்.

பெரும்பாலான வன்தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை, தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறுகிய இடைவெளியில் மிதக்கிறது. கீழே விழுந்தால் உராய்ந்து தகவல் அழியலாம். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. அதுவும் ஒருநாள் பழுதாகும்.

இரண்டு வன்தட்டுகளை 'ரெய்டு 1' முறையில் இணைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலுமே அழியும். 2017 நவம்பரில் ஜார்ஜ்டவுனில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நேர்ந்தால், ஒரே மேசையிலுள்ள இரண்டும் சேர்ந்தே நனையும்.

ஆகவே பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை பிரதியெடுத்து, ஒன்றைப் பாட்டி வீட்டில் வையுங்கள். குடும்பப் படங்களைக் கடையில் திரும்ப வாங்க முடியாது.