யார் வீட்டில் யார் விருந்தாளி?

கொழும்பில் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்த இடம் தேடுவது எத்துணை பெரும்பாடு என்பதை ஓவியர்களோடு பழகியவர்கள் அறிவர். அரச மண்டபமாயின் அதிகாரியின் மனம் கோணக்கூடாது. தனியார் காட்சிக்கூடமாயின் படம் விலைபோக வேண்டும். போரையும் காணாமற்போனோரையும் பற்றி வரைந்தவர்களுக்கு இவ்விரு கதவுகளும் எளிதில் திறக்கவில்லை.

இந்நிலையிலேதான் 2000ஆம் ஆண்டில் 'தீர்த்தா' என்னும் சர்வதேசக் கலைஞர் குழு கொழும்பில் உருவாயிற்று. ஜகத் வீரசிங்க, அனோலி பெரேரா முதலிய ஓவியர்கள் முன்னின்றனர். பின்னர் பொரளையில் 'ரெட் டொட்' என்ற காட்சிக்கூடத்தையும் அக்குழுவினர் நடத்தினர். எதை வைப்பது, யாரை அழைப்பது என்பவற்றைக் கலைஞர்களே தீர்மானித்தனர். டில்லியில் 1997இல் தோன்றிய 'கோஜ்', டாக்காவில் 2002இல் தோன்றிய 'பிரிட்டோ' ஆகியனவும் இவ்வழி வந்தவையே. அரசுகள் முகந்திருப்பி நின்ற காலத்திலும் இத்தகைய அமைப்புகளின் பட்டறைகளில் இப்பிராந்தியத்தின் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வேலை செய்தனர்.

இவற்றுள் நம்மவர் மறக்கலாகாத நிகழ்வொன்றுண்டு. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 பாதை திறந்ததன் பின்னர், 2004இல் 'அகம் புறம்' என்னும் கண்காட்சி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் நிகழ்ந்தது. 1981இல் எரிக்கப்பட்ட அதே நூலகம். அங்கே சிங்கள, தமிழ் ஓவியர்களின் படைப்புகள் அருகருகே வைக்கப்பட்டன. தலைப்போ நமது பழந்தமிழ் இலக்கணத்தின் சொல்.

தமிழ்க் கலைஞர் கொழும்புக்குச் சென்று விருந்தாளியாக நிற்பதே வழக்கம். அம்முறை யாழ்ப்பாணம் வீட்டுக்காரராயிற்று. தெற்கிலிருந்து வந்தவர் விருந்தாளியாயினர். பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற சொல்லுக்குப் பொருள் இதுவே என்பது என் கருத்து. இரு தரப்பும் முறைவைத்து விருந்தோம்ப இயலாத இடத்தில் நடப்பது பரிமாற்றமன்று. வெறும் வரவேற்பு உபசாரமே. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டபோது அந்த முறைமாற்றமும் தடைப்பட்டது.

இத்தகைய கூடங்களில் குறைகளும் உண்டு. உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்வதால், வன்னித் தமிழரும் மாத்தறைச் சிங்களவரும் ஒருங்கே வாசலில் நிற்க நேர்வதுண்டு. வெளிநாட்டு நிதியில் வாழ்பவை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் குறைகூறும் நாம் என்ன கொடுத்தோம்?

கோவில் திருப்பணிக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் புலம்பெயர்ந்தோர் வாரி வழங்குகின்றனர். நல்ல காரியமே. அதில் ஒரு சிறு பங்கு, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கலைஞர் தாமே நடத்தும் ஓர் அறையின் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் செல்லட்டும். அங்கே தமிழிலும் சிங்களத்திலும் பேச்சு நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். பணம் கொடுப்பவர் படத்தைத் தெரிவு செய்யக் கூடாது. அதிகாரியும் வியாபாரியும் செய்ததை நாமும் செய்வோமாயின் அவ்வறை எதற்கு? நமக்கு உவப்பில்லாத படமும் அச்சுவரில் தொங்க வேண்டும். அதைப் பொறுக்கும் மனம் நமக்குண்டா என்பதே இன்றுள்ள கேள்வி.